நகராத படகில் 500 மீட்டர்

உள்ளரங்கில், துடுப்பு வலிக்கும் இயந்திரங்களில் நடக்கும் 500 மீட்டர் பந்தயம் இது. இயந்திரத்தின் திரையில் மூன்று கட்டளைகள் அடுத்தடுத்துத் தோன்றும். முதலில் ‘தயாராக உட்காருங்கள்’. பிறகு ‘கவனம்’. அதன்பின் ‘வலியுங்கள்’. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருப்பதில்லை. அதற்குள் முழங்கால் நெஞ்சருகே வந்திருக்க வேண்டும், கைகள் நீண்டிருக்க வேண்டும், சங்கிலி தொய்வில்லாமல் இருக்க வேண்டும், ஆனால் சக்கரம் துளியும் அசையக் கூடாது. அசைந்தால் தவறான தொடக்கம் என்று இயந்திரமே காட்டிக்கொடுத்துவிடும். வரிசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் மூச்சை அடக்கி ஒரு சிறு திரையையே வெறித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் அரங்கம் முழுவதும் அமைதியாகிவிடும். கட்டளை வந்ததும் இத்தனை சக்கரங்களும் ஒன்றாக இரைய ஆரம்பிக்கும். ஒன்றரை நிமிடம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான் பந்தயம்.

பார்ப்பவர்களுக்கு இது முரட்டுப் பலத்தின் போட்டியாகத் தெரியும். பலம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குறும்பந்தயத்தில் நானும் உட்கார்ந்து வலித்திருக்கிறேன், பலர் வலிப்பதை அருகில் நின்று பார்த்தும் இருக்கிறேன். ஒரே அளவு பலமுள்ள இருவரில் யார் முன்னே போவார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முதல் 15 நொடி. அந்த 15 நொடியில் உடல் ஒரு சுகத்தைக் கொடுக்கிறது. அந்தச் சுகம் கைமாற்றாக வந்தது. அதை எவ்வளவு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் 300 மீட்டருக்கு மேல் நடப்பதெல்லாம் அமைகிறது. ஏன் அப்படி என்று இயந்திரத்தின் பக்கமிருந்தும் உடலின் பக்கமிருந்தும் விளக்கலாம். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

படகைத் துடுப்பால் செலுத்துவதைத் தமிழில் ‘துடுப்பு வலித்தல்’ என்கிறோம். இழுப்பதற்கும் அதே சொல், நோவுக்கும் அதே சொல், பலம் என்ற பழைய பொருளும் ‘வலி’க்கு உண்டு. இந்த விளையாட்டைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்தச் சொல் எனக்குப் பெரிய உதவியாக இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகக் கட்டிவைத்த ஒரு சொல் வேறு எதற்கு இவ்வளவு பொருந்தும்?

தரையில் உட்கார்ந்து துடுப்பு வலிக்கப் பழகுவது புதிய யோசனை அல்ல. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் கடற்படைத் தளபதி காப்ரியாஸ், கப்பலில் ஏற்றுவதற்கு முன் புதிய ஆட்களைக் கரையில் மரச்சட்டங்களில் உட்காரவைத்துப் பழக்கினார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. இன்று போட்டிகளில் எங்கும் காணப்படும் இயந்திரத்தின் கதை 1981இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிக், பீட் டிரைசிகாக்கர் என்ற சகோதரர்கள் அதுவரை படகுத் துடுப்புகள் செய்துகொண்டிருந்தார்கள். பனிக்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் பயிற்சிக்கு வழியில்லை. ஒரு சைக்கிள் சக்கரத்தை எடுத்து, அதில் காற்றைத் தள்ளும் தகடுகளைப் பொருத்தி, சங்கிலியால் இழுத்தால் சுழலும்படி செய்தார்கள். கான்செப்ட்2 நிறுவனத்தின் முதல் துடுப்பு இயந்திரம் அது. ‘எர்கோமீட்டர்’ என்றால் வேலையை அளக்கும் கருவி என்று பொருள். பழக்கத்தில் அது ‘எர்க்’ என்று சுருங்கிவிட்டது.

போட்டியும் ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்ததுதான். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் போட்டியிட முடியாமல் போன வீரர்களும் அவர்களது நண்பர்களும் பாஸ்டன் பக்கத்தில் கிராஷ்-பி என்ற பெயரில் ஒன்றை ஆரம்பித்தார்கள். வென்றவருக்குக் கோப்பை கிடையாது, சுத்தியல்தான் பரிசு. தொடக்கத்தில் தூரம் மிக நீளமாக இருந்தது. பிறகு 2500 மீட்டராகி, 1996 முதல் ஒலிம்பிக் படகுப் போட்டியின் தூரமான 2000 மீட்டருக்கு வந்து நின்றது. சர்வதேசத் துடுப்புப் படகுக் கூட்டமைப்பு 2018இல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரில் முதல் உலக உள்ளரங்கச் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. 2000 மீட்டர்தான் இன்றும் இந்த விளையாட்டின் முதன்மைத் தூரம். ஆனால் ஆற்றில் ஒருநாளும் இறங்காதவர்களையும் இந்த இயந்திரத்தின் முன் கொண்டுவந்து உட்காரவைத்தது 500 மீட்டர்தான் என்பது என் எண்ணம். பளு தூக்குபவரும், குறுந்தூர ஓட்டக்காரரும், ஐம்பது வயதில் முதல்முறையாக உடற்பயிற்சிக்கு வந்தவரும் ஒரே வரிசையில் உட்கார இந்தத் தூரம் இடம் கொடுக்கிறது.

இயந்திரத்துக்கு வருவோம். கைப்பிடியை இழுத்தால் சங்கிலி வழியாகச் சக்கரம் சுழலும். சக்கரத்தின் தகடுகள் காற்றைத் தள்ளும், காற்று எதிர்க்கும். எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறோமோ அதைவிடப் பல மடங்கு எதிர்ப்பு கூடும். திரையின் நடுவே பெரிதாகத் தெரியும் எண்ணுக்கு ‘ஸ்பிளிட்’ என்று பெயர். இப்போதைய வேகத்திலேயே போனால் 500 மீட்டருக்கு எவ்வளவு நேரமாகும் என்பதே அது. 2000 மீட்டர் வலிப்பவர் மனத்துக்குள் நான்கால் பெருக்க வேண்டும். 500 மீட்டர் வலிப்பவருக்கு அந்த வேலை இல்லை, சராசரி ஸ்பிளிட் எதுவோ அதுதான் அவருடைய முடிவு நேரம்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு மீட்டருக்கு எத்தனை நொடி என்று எடுத்து, அதன் மூன்றாம் படியால் 2.80ஐ வகுத்தால் நாம் கொடுக்கும் திறன் வாட்டில் கிடைக்கும். கேட்பதற்கு வறட்டுக் கணக்காக இருக்கலாம், ஆனால் பந்தயத்தின் கொடுமை முழுவதும் அந்த மூன்றாம் படியில்தான் ஒளிந்திருக்கிறது. 2 நிமிடத்தில் 500 மீட்டர் போக 203 வாட் போதும். 1:50க்கு 263 வாட். 1:40க்கு 350. 1:30க்கு 480. 1:20க்கு 684. அதே பத்து நொடியைக் குறைக்க முதலில் 60 வாட் கேட்டது, அடுத்து 87, அடுத்து 130, கடைசியில் 204 என்று கேட்கிறது. நேரத்தைப் பாதியாக்க வேண்டுமென்றால் திறனை எட்டு மடங்காக்க வேண்டும். ஆண்களுக்கான 500 மீட்டர் உலகச் சாதனை 1 நிமிடம் 11 நொடிக்கும் கீழே போய்விட்டது. அந்த வேகத்துக்குச் சராசரியாக 980 வாட் தாண்ட வேண்டும், அதாவது ஒரு குதிரைத்திறனைவிட நன்றாகவே அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சாதனை: 2000 மீட்டரில் நியூசிலாந்தின் ராப் வாடெல் 2008இல் வலித்த 5:36.6 பத்தாண்டுகள் அசையாமல் நின்றது. 2018இல் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 5:35.8 என்று அதை முறியடித்தார். அவர்களுடைய சராசரித் திறன் சுமார் 590 வாட். ஒரே இயந்திரம், ஒரே அசைவு, ஆனால் இரண்டும் வேறு வேறு விளையாட்டு என்றே சொல்லிவிடலாம்.

சக்கரக் கூண்டின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரு நெம்புகோல் உண்டு. டேம்பர் என்பார்கள். பத்தில் வைத்தால் கடினம், ஆகவே பத்தில் வைப்பவர் பலசாலி என்று உடற்பயிற்சிக் கூடங்களில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. டேம்பர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: கூண்டுக்குள் எவ்வளவு காற்று நுழையலாம் என்று வாசலைத் திறந்து மூடுகிறது. அதிகக் காற்று நுழைந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் சக்கரம் சட்டென்று வேகம் இழக்கும். மறுபடி இழுக்கும்போது கனமாகத் தெரியும். குறைந்த காற்று என்றால் சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதைப் பிடிக்கக் கால்கள் வேகமாகத் தள்ள வேண்டும். எப்படி வைத்தாலும் 350 வாட் என்பது 350 வாட்தான்.

உண்மையில் பார்க்க வேண்டிய எண் ‘டிராக் ஃபேக்டர்’. இழுப்பு முடிந்து நாம் முன்னே சறுக்கி வரும் இடைவெளியில் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்பதை இயந்திரம் ஒவ்வொரு முறையும் அளந்து, அந்த எண்ணைக் கணக்கிடுகிறது. இயந்திரத்தின் பட்டியலுக்குள் போனால் அதைப் பார்க்கலாம். 2000 மீட்டர் வலிப்பவர்கள் பலர் 110க்கும் 140க்கும் இடையில் வைப்பார்கள். 500 மீட்டரில் அதைவிடக் கூட்டி வைப்பவர்களே அதிகம், பலசாலிகள் 180க்கு மேலும் போவார்கள். காரணம் இருக்கிறது. குறும்பந்தய வேகத்தில் லேசான சக்கரம் அளவுக்கு மீறிச் சுழலும், பிடிப்பதற்குள் பாதி இழுப்பு வீணாகிவிடும். கூடவே இன்னொன்று: நின்றிருக்கும் சக்கரத்தை பந்தய வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1000 ஜூல் செலவாகிறது. டிராக் கூடினால் அதே வேகத்துக்குச் சக்கரம் குறைவாகச் சுழன்றால் போதும், ஆகவே அந்தத் தொடக்கச் செலவும் கொஞ்சம் குறையும். 2000 மீட்டரில் இந்த மிச்சம் கண்ணுக்கே தெரியாது. 500 மீட்டரில் மொத்தச் செலவே 35,000, 40,000 ஜூல்தான் என்பதால் கவனிக்க வேண்டியதாகிறது.

இந்த எண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்த தவறை நான் செய்திருக்கிறேன். என் முதல் போட்டி. பயிற்சி செய்த இயந்திரம் பழையது, கூண்டின் வலையெல்லாம் தூசி அடைத்திருக்கும், அதில் டேம்பரை 8இல் வைத்துத்தான் எனக்குப் பழக்கம். போட்டியில் கொடுத்தது துடைத்து வைத்த புதிய இயந்திரம். அதிலும் நெம்புகோலை 8இல் தள்ளிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன். முதல் இழுப்பிலேயே முதுகுக்குத் தெரிந்துவிட்டது, இது நான் பழகிய 8 அல்ல என்று. தூசியில்லாத வலை வழியாகக் காற்று தாராளமாக நுழைய, அதே எண்ணில் டிராக் எங்கோ மேலே போயிருந்தது. ஆரம்பித்த பிறகு நெம்புகோலைத் தொட நேரமேது. அதன்பின் எந்த இயந்திரத்தில் உட்கார்ந்தாலும் பத்து இழுப்பு இழுத்து டிராக் ஃபேக்டரைப் பார்த்துச் சரிசெய்யாமல் நான் காலைக் கட்டுவதில்லை. உயரமான மலைப்பகுதியில் காற்று மெலிந்திருக்கும், அங்கே அதே நெம்புகோல் நிலை லேசாகத் தெரியும். இதையெல்லாம் அந்த ஒரே எண் சரிசெய்துவிடும்.

இனி உடல். தசை சுருங்க வேண்டுமானால் ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். கையிருப்பில் உள்ள ஏடிபி சில நொடிக்குத்தான் வரும். அது தீரத் தீர உடனடியாக ஈடுசெய்வது தசையிலேயே சேமித்திருக்கும் பாஸ்ஃபோகிரியேட்டின் என்ற பொருள். அதுவும் முழுவேகத்தில் சுமார் பத்து நொடியில் பெரும்பகுதி கரைந்துவிடும். அடுத்தது ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்கும் வழி. வேகமானது, ஆனால் போகப் போகத் தசைக்குள் அமிலத்தன்மையை ஏற்றிவிடும். கடைசியாக ஆக்சிஜனைக் கொண்டு எரிக்கும் வழி. நீடித்து உழைப்பது அதுதான், ஆனால் சூடுபிடிக்க நேரம் எடுக்கும். நுரையீரலும் இதயமும் தங்கள் உச்சத்தை நெருங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒன்றரை நிமிடப் பந்தயத்தில் ஆக்சிஜன் முழு அளவில் வந்து சேரும்போது பந்தயம் முடியப்போகிறது.

இதனால் 500 மீட்டரை ‘மூச்சில்லாப் பந்தயம்’ என்று நினைத்துவிடக் கூடாது. முழுமூச்சாக 75 நொடி உழைத்தால் மொத்தச் சக்தியில் ஏறக்குறையப் பாதி ஆக்சிஜன் வழியில் வருகிறது, மீதிப் பாதிதான் ஆக்சிஜன் இல்லாத கடன் வழியில். 90, 100 நொடி என்றால் ஆக்சிஜனின் பங்கு இன்னும் சற்று கூடும். நீண்ட தூரம் நிதானமாக வலித்துப் பழகியவர், தன்னைவிடக் கனமான தோள்களுடைய ஒருவரைக் கடைசி 150 மீட்டரில் தாண்டிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்னவரின் ஆக்சிஜன் வழி சீக்கிரம் திறந்து, அகலமாகவும் இருக்கிறது. பின்னவர் அப்போது கடனில் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அந்த 15 நொடிக்குத் திரும்பலாம். சக்கரம் எழும்பி நான்காவது, ஐந்தாவது இழுப்புக்கு வரும்போது திரையில் 1:28, 1:29 என்று எண்கள் இறங்கும். பயிற்சியில் 1:40தான் நம் இலக்கு. ஆனாலும் மூச்சு வாங்கவில்லை, கால் கனக்கவில்லை, இன்று நமக்கு நல்ல நாள் போலிருக்கிறது என்று தோன்றும். அப்படித் தோன்றக் காரணம், அந்த நேரத்தில் செலவாவது பாஸ்ஃபோகிரியேட்டின். அது தீர்வதை உடல் முன்கூட்டி அறிவிப்பதே இல்லை. அமிலம் ஏறுவதும் அதன் உறுத்தல் மனத்துக்குத் தெரிவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை, நடுவே சில நொடி ஏமாற்றம் உண்டு. கணக்கு வரும்போது மொத்தமாக வரும். அநேகமாக 280, 300 மீட்டரில்.

வேகத்தை ஏற்றி இறக்குவதால் எவ்வளவு நஷ்டம் என்று அந்த மூன்றாம் படிச் சூத்திரத்தை வைத்தே போட்டுப் பார்க்கலாம். முதல் 250 மீட்டரை 1:30 வேகத்திலும் அடுத்த 250 மீட்டரை 1:50 வேகத்திலும் போனால் 45 நொடியும் 55 நொடியும் சேர்ந்து 100 நொடி, அதாவது 1:40. சீராக 1:40 போனவருக்கும் அதே நேரம்தான். சீராகப் போனவர் செலவழித்தது 35,000 ஜூல். ஏற்றி இறக்கியவர் செலவழித்தது சுமார் 36,060. வித்தியாசம் மூன்று சதவீதம்தான். முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது நான் ஆச்சரியப்பட்டேன், இன்னும் பெரிய நஷ்டத்தை எதிர்பார்த்திருந்தேன். காற்றும் சக்கரமும் அவசரத்தை ஓரளவு மன்னிக்கின்றன. மன்னிக்காதது உடல். முதல் பாதியில் 480 வாட் கொடுத்தவரின் தசைகள் இரண்டாம் பாதியில் 263 வாட்டையும் கொடுக்க மறுக்கும், 200க்கு இறங்கிவிடும். அமிலத்தன்மையும் தசைக்குள் தேங்கும் பாஸ்ஃபேட்டும் சுருங்கும் வேலையையே தடுக்கின்றன, அப்போது மனவுறுதி இருந்தும் கால் கேட்காது.

சரி, அப்படியென்றால் ஆரம்பம் முதலே சீராகப் போய்விடலாமே என்றால் அதுவும் சரிவராது. பாஸ்ஃபோகிரியேட்டின் கையிருப்பைச் செலவழிக்காமல் பந்தயத்தை முடிப்பதில் லாபம் இல்லை. முதல் எட்டு, பத்து இழுப்புக்கு அதைத் தாராளமாகச் செலவழிப்பது நியாயமே, நின்ற சக்கரத்தை எழுப்பவும் அது வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் வேகமாகப் போனால் ஆக்சிஜன் வழியும் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். ஆபத்து, பத்தாவது இழுப்புக்குப் பிறகும் அந்த வேகத்தை விட மனமில்லாமல் இருப்பதில்தான் இருக்கிறது. என் இரண்டாவது போட்டியில் பின்னால் உட்கார்ந்து எண் சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தொடங்குவதற்கு முன் காதருகே குனிந்து சொன்னார்: “தம்பி, நூறு மீட்டர் தாண்டும்வரை உன் உடம்பு சொல்வதைக் கேட்காதே. திரையை மட்டும் பார்.” எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் இதைவிடப் பயன்பட்டது வேறில்லை.

1:40 இலக்கு என்று வைத்துக்கொண்டால் நான் போடும் திட்டம் இது. முதல் இழுப்பு பாதி நீளம், கால் பலத்தில் சக்கரத்தை அசைக்க மட்டும். இரண்டாவதும் பாதி. மூன்றாவது முக்கால். நான்காவதிலிருந்து முழு நீளம். முழு நீளத்தில் ஆரம்பித்தால் நின்ற சக்கரத்தின் எடை முழுவதும் இடுப்பில் இறங்கும், குறுகிய இழுப்புகள் அதைத் தவிர்க்கும். பத்தாவது இழுப்பு வரை எண் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். அப்போது சுமார் 70 மீட்டர் முடிந்திருக்கும். அங்கே ஒரு மூச்சை நீளமாக வெளியே விட்டு, வேகத்தை 1:38க்கு இறக்கி அங்கேயே உட்கார வேண்டும். பந்தயத்தின் மிகக் கடினமான முடிவு இதுதான் என்பேன். பக்கத்து இயந்திரக்காரர் அப்போதும் 1:29இல் போய்க்கொண்டிருப்பார், யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும் அரங்கின் பெரிய திரையில் அவருடைய குட்டிப் படகு ஒரு படகு நீளம் முன்னால் போயிருக்கும். சும்மா இருக்க மனம் வராது. 150இலிருந்து 300 மீட்டர் வரை 1:39, 1:40. அதன்பின் 400 வரை ஒன்றிரண்டு நொடி நழுவினாலும் பரவாயில்லை, அங்கே கவனம் வேறொன்றில் இருக்க வேண்டும்.

அது இழுப்பின் நீளம். களைப்பு வந்ததும் முதலில் திருடுபோவது நீளம்தான். நிமிடத்துக்கு 40 இழுப்பு, ஒரு நொடிக்கு 5 மீட்டர் வேகம் என்றால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஏழரை மீட்டர் கிடைக்கும், மொத்தப் பந்தயமும் 67 இழுப்பில் முடிந்துவிடும். அறுபத்தேழே அறுபத்தேழு. இருக்கை முன்னே முழுவதும் வராமல் ஒரு சாண் முன்பே திரும்பினால் கால்கள் தள்ளும் தூரம் குறைகிறது. அதை ஈடுகட்ட எண்ணிக்கை 44, 46 என்று ஏறும், வேகம் மட்டும் ஏறாது. அரங்கில் நின்று பார்த்தால் இதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். முழங்கால் முழுதாக மடங்காது, முதுகு மட்டும் முன்னும் பின்னும் ஆடும், தாடை மேலே தூக்கிக்கொள்ளும், கைப்பிடி நெஞ்சுக்கு வராமல் வயிற்றருகே நின்றுவிடும். குதிகால் பட்டையிலிருந்து எழும்பிக் கீழே தட்டும் ஓசைகூடத் தாளம் தப்பிக் கேட்கும்.

இழுப்பின் வரிசை கால், முதுகு, கை. திரும்பி வரும்போது கை, முதுகு, கால். நிதானமான பயிற்சியில் எல்லோரும் இதைச் சரியாகச் செய்வார்கள். நிமிடத்துக்கு 42 இழுப்பு என்ற வேகத்தில், கால் தள்ளி முடிப்பதற்கு முன்பே கை மடங்க ஆரம்பிக்கும். உடம்பிலேயே பலவீனமான தசையிடம் பலமான தசையின் வேலையை ஒப்படைத்துவிடுகிறோம். முன்கை இறுகி, விரல்கள் கைப்பிடியை நெரிக்கத் தொடங்கினால் இது நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். விரல்கள் கொக்கி மாதிரி மாட்டியிருந்தால் போதும், கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. காலைக் கட்டும் பட்டை விரல்களின் அடிப்பகுதியில், செருப்பு வளையும் இடத்தில் வர வேண்டும். மேலே கணுக்கால் பக்கம் கட்டினால் குதிகால் எழும்ப முடியாது, நீளம் அங்கேயே குறைந்துவிடும்.

எடை பற்றியும் சொல்ல வேண்டும். நீரில் ஓடும் படகு வலிப்பவரின் எடையையும் சுமக்கிறது, கனம் கூடினால் படகு ஆழ்ந்து நீரின் இழுவை கூடும். எர்க் எதையும் சுமப்பதில்லை. ஆகவே உயரமும் கனமும் உள்ளவர்களுக்கு இங்கே படகைவிட அதிக அனுகூலம், குறும்பந்தயத்தில் இன்னும் அதிகம். இதற்காகத்தான் ஆண்களில் 75 கிலோவுக்கும் பெண்களில் 61.5 கிலோவுக்கும் உட்பட்டவர்களுக்கு லைட்வெயிட் பிரிவு வைத்திருக்கிறார்கள். வயதுப் பிரிவுகளும் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவுகளும் உண்டு. போரில் காயமடைந்த படைவீரர்களுக்கான இன்விக்டஸ் விளையாட்டுகளில் குறும்பந்தயத்தையே தலைகீழாக வைத்திருக்கிறார்கள். நேரம் ஒரு நிமிடம் என்று நிலையானது, அதற்குள் எத்தனை மீட்டர் என்பதுதான் போட்டி. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். மெதுவாக வலிப்பவர் மற்றவர்கள் எல்லாம் எழுந்துபோன பிறகும் தனியாக வலித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அனைவரும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாகக் கைப்பிடியை விடுகிறார்கள்.

தயாரிப்பில் இரண்டை மட்டும் சொல்கிறேன். வாரப் பயிற்சியில் பெரும்பகுதி நிதானமான நீண்ட வலிப்பாகவே இருக்கட்டும், அதுதான் ஆக்சிஜன் வழியை அகலப்படுத்துகிறது. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் பந்தய வேகத்தில் குறுந்துண்டுகள் போதும். நடுவே முழு ஓய்வு எடுக்க வேண்டும், ஏனென்றால் பாஸ்ஃபோகிரியேட்டின் முக்கால்வாசிக்கு மேல் திரும்ப மூன்று நிமிடமாவது பிடிக்கும். மற்றொன்று பந்தய நாளின் சூடேற்றல். ஒன்றரை நிமிடப் பந்தயத்துக்கு அரைமணி நேரம் சூடேற்றுவது அநியாயம் போலத் தோன்றும். ஆனால் பந்தயத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு வியர்வை வரும்படி ஒருமுறை கடினமாக வலித்துவிட்டு ஓய்வெடுத்தவரின் ஆக்சிஜன் வழி, குளிர்ந்த உடம்போடு வந்து உட்கார்ந்தவரைவிட விரைவாகத் திறக்கிறது. முன்பே சொன்னபடி, இந்தப் பந்தயத்தில் அது தாமதமாக வருவதுதான் பிரச்சினையே. இதயக் கோளாறோ உயர் ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கமும் கூடாது, ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

என் முதல் போட்டியின் மீதியைச் சொல்லிவிடுகிறேன். கனமான சக்கரம், 1:27 என்று காட்டிய திரை, அதை நம்பிய நான். 200 மீட்டர் வரை அரங்கிலேயே நான்தான் முன்னால் என்று பெரிய திரை காட்டியது. 260இல் தொடைகள் கனத்தன. 300இல் எண் 1:41, 320இல் 1:47, 340இல் 1:54. கண்ணின் ஓரங்கள் மங்கி, நடுவே அந்த எண் மட்டும் தெரிந்தது. கைப்பிடியை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தது, ஏன் விடவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. முடித்தபோது 1:44. பயிற்சியில் 1:41 வலித்தவன் நான். இருக்கையிலிருந்து பக்கவாட்டில் சரிந்து தரையில் கிடந்தேன், வாயில் இரும்புச் சுவை, அன்றிரவு முழுவதும் வறட்டு இருமல். அதே இயந்திரத்தில் அடுத்த சுற்றில் உட்கார்ந்த பெண்மணி ஒருவர் நூறு மீட்டரில் ஐந்தாவது இடத்தில் இருந்தார். அவருடைய எண் 1:46க்கும் 1:47க்கும் இடையிலேயே நின்றது. 350 மீட்டரில் முன்னால் இருந்த நான்கு பேரில் மூவரைத் தாண்டியிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, இருக்கை ஒவ்வொரு முறையும் ஒரே இடம்வரை வந்து திரும்பியது. தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பந்தயம் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

கடைசி நூறு மீட்டர் வெறும் பதின்மூன்று இழுப்பு. எண்ணிக்கொண்டே வலிக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எஞ்சியது எல்லாவற்றையும் இங்கே கொட்டலாம், கடன் இனிமேல் திருப்பிக் கேட்கப்படும் இடம் கோட்டுக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் கடைசி ஒன்றிரண்டு மீட்டரில் ஒரு நுட்பம் உண்டு. இழுக்காத இடைவெளியிலும் சக்கரம் சுழன்றுகொண்டிருப்பதால் மீட்டர்கள் எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கும். திரையில் 2 மீட்டர் என்று தெரியும்போது கைப்பிடி நெஞ்சருகே இருந்தால், அவசரமாக முன்னே பாய்ந்து இன்னொரு அரைகுறை இழுப்பு இழுக்க வேண்டியதில்லை, சக்கரமே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆரம்பத்தில் நாம் போட்ட அந்த 1000 ஜூல் அதற்குள்தான் இருக்கிறது. திரையில் சுழியம் வந்த பிறகும் கைப்பிடியைக் கீழே போட்டுவிடாமல் அதன் இடத்தில் மாட்டிவிட்டு, காலைக் கட்டியிருக்கும் பட்டையை அவிழ்க்கக் குனியும்போது அது இன்னும் இரைந்துகொண்டிருக்கும். விரல்கள் பட்டையின் கொக்கியைக் கண்டுபிடிப்பதற்குள் மெல்ல அடங்கும்.